பாதியில் நின்றுபோன பிட்லாக்கர்: மடிக்கணினியில் செய்ய வேண்டியவை

விண்டோஸ் மடிக்கணினியின் முழு வட்டையும் அதிலேயே உள்ள பாதுகாப்பு வசதியான பிட்லாக்கர் கொண்டு மறையாக்கம் (திறவுகோல் இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி தரவை மாற்றுவது) செய்யத் தொடங்கியபின், சதவீதம் ஓரிடத்தில் நின்று மணிக்கணக்கில் நகராமல் இருந்தால், பலரும் முதலில் மறையாக்கத்தை நீக்கிவிட முனைகிறார்கள். அந்த அவசரம் வேண்டாம். பிட்லாக்கர் தான் எதுவரை மாற்றியிருக்கிறது என்பதை வட்டிலேயே குறித்துக்கொண்டு செல்வதால், நடுவில் கணினியை அணைத்தாலும், மின்சாரமே நின்றாலும், அடுத்த முறை விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆகவே பாதியில் நிற்பதாலேயே கோப்புகளுக்கு ஆபத்து வந்துவிடாது. நின்றதற்கான காரணம் ஆபத்தானதாக இருக்கலாம்.

எதையும் தொடுவதற்கு முன் இரண்டு வேலைகளை முடித்துவிட வேண்டும். முக்கியமான கோப்புகளை வெளி வட்டு ஒன்றில் நகலெடுங்கள். பிறகு, பூட்டிக்கொண்ட வட்டைத் திறக்க உதவும் 48 இலக்க மீட்புத் திறவுகோல் கைவசம் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலோ, அலுவலகக் கணினி என்றால் அங்குள்ள கணினிப் பிரிவினரிடமோ அது இருக்கக்கூடும். திறவுகோல் கேட்கும் திரையில் தோன்றும் அடையாள எண்ணின் முதல் எட்டு எழுத்துகள், நீங்கள் சேமித்துள்ள பிரதியில் இருப்பவற்றோடு பொருந்த வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் பழுது பார்க்க இறங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்து, மறையாக்கம் உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நிர்வாகி உரிமையுடன் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து, ‘மேனேஜ்’ என்ற சொல்லுக்குப் பின் ஒரு சிறுகோடும் பி, டி, இ என்ற மூன்று எழுத்துகளும் சேர்ந்த கட்டளையை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, ஓர் இடைவெளி விட்டு, ‘ஸ்டேட்டஸ்’ என்பதை முன்னால் சிறுகோட்டுடன் சேர்த்தால், ஒவ்வொரு டிரைவின் நிலையும் சதவீதமும் தெரியும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, மின்னூட்டியை இணைத்து, கணினி உறக்க நிலைக்குப் போகாதபடி அமைத்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் பாருங்கள். மூடியை மூடி உறங்கவிட்ட கணினியில் மறையாக்கம் நடப்பதில்லை. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்கில் முழு வட்டையும் மாற்றுவதற்கு ஓர் இரவுகூடப் போதாமல் போகலாம். காலியிடம் திடீரெனக் குறைந்ததுபோல் தெரிந்தாலும் அஞ்ச வேண்டாம். மறையாக்கம் நடக்கும்போது பிட்லாக்கர் அந்த இடத்தைத் தற்காலிகமாகப் பிடித்துவைத்துக்கொள்கிறது.

சுழியத்திலேயே நிற்கிறது என்றால், தொடக்கத்தில் கேட்கப்பட்ட கணினிச் சோதனைக்காக இன்னும் ரீஸ்டார்ட் செய்யாமல் இருக்கலாம். நூறு சதவீதம் முடிந்தும் பாதுகாப்பு இயங்கவில்லை என்று காட்டினால், திறவுகோல் இன்னும் எங்கும் சேமிக்கப்படவில்லை என்று பொருள் கொள்ளலாம்; வீட்டுக் கணினியில் மைக்ரோசாஃப்ட் கணக்கால் உள்நுழைந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். யாரேனும் மறையாக்கத்தை இடையில் நிறுத்திவைத்திருந்தால் அந்த நிலையும் அதே திரையில் தெரியும். அதே கட்டளையுடன் சிறுகோடு, ‘ரெஸ்யூம்’, பிறகு டிரைவின் பெயர் ஆகியவற்றைச் சேர்த்தால் மீண்டும் தொடங்கும்.

இவை எதுவும் இல்லாமல், ஒவ்வொரு முறையும் அதே சதவீதத்தில் நிற்கிறது என்றால், வட்டைத்தான் ஐயுற வேண்டும். மறையாக்கம் என்பது வட்டின் சிறு சேமிப்புக் கூறான ஒவ்வொரு செக்டாரையும் படித்து, மாற்றி, திரும்ப எழுதுகிற வேலை. படிக்க முடியாத ஒரு செக்டார் வந்தால் அது அங்கேயே தடுமாறுகிறது. பல மாதங்களாக யாரும் திறக்காத கோப்பு ஒன்றின் அடியில் மறைந்திருந்த பழுது இப்போதுதான் வெளியே வருகிறது. கணினியில் நிகழும் பிழைகளைப் பதிவு செய்து காட்டும் ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் பதிவைத் திறந்து, ‘டிஸ்க்’ என்ற மூலத்திலிருந்து 7 என்ற எண்ணுடன் பிழைகள் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பழுதான பகுதி இருப்பதற்கான நேரடிச் சான்று அது.

சான்று கிடைத்தால், முதலில் அதே கட்டளையில் ‘ரெஸ்யூம்’ வரும் இடத்தில் ‘பாஸ்’ (pause) என்ற சொல்லைக் கொடுத்து மறையாக்கத்தை நிறுத்திவையுங்கள். பிறகு வட்டைச் சரிபார்க்கும் செக்டிஸ்க் (chkdsk) கட்டளையை டிரைவின் பெயருடனும், சாய்கோட்டை (/) அடுத்த ஆர் என்ற எழுத்துடனும் கொடுத்து, அடுத்த தொடக்கத்தில் இயங்க ஒப்புதல் தந்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். பல மணி நேரம் ஆகலாம், நடுவில் அணைக்காதீர்கள். அது முடிந்ததும் ‘ரெஸ்யூம்’ கொடுத்து, சதவீதம் பழைய இடத்தைத் தாண்டுகிறதா என்று கவனியுங்கள். இந்த வேளையில் பார்ட்டிஷன் (வட்டுப் பிரிவு) அளவை மாற்றும் மென்பொருள்களைப் பயன்படுத்துவதும், கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பிப்பதும் கூடாது.

தாண்டவில்லை என்றால் மீண்டும் மீண்டும் முயல்வதில் பயன் இல்லை. மறையாக்கத்தை நீக்குவதும் அதே செக்டாரைப் படித்தாக வேண்டிய வேலை என்பதால், அதுவும் அங்கேயே நிற்கக்கூடும். நகலெடுத்த கோப்புகள் திறக்கின்றனவா என்று சரிபார்த்துவிட்டு, வட்டை மாற்றி, புதிய வட்டில் விண்டோஸை நிறுவி, அதில் தரவு குறைவாக இருக்கும்போதே பயன்படுத்திய பகுதிக்கு மட்டுமான மறையாக்கத்தைத் தொடங்குங்கள்; அது விரைவில் முடியும். கழற்றிய வட்டில், மறையாக்கம் எட்டாத பகுதியில் உள்ள கோப்புகள் யாரும் படிக்கக்கூடிய நிலையிலேயே இருக்கின்றன. அதை விற்காமலும், உத்தரவாதத்துக்காக அப்படியே திருப்பி அனுப்பாமலும், முழுவதும் அழித்த பின்னரோ உடைத்த பின்னரோ மட்டுமே கைவிட்டுப் போக விடுங்கள்.