ரோமின் பழைய நகரத்தை ஒரே காலையில் நடந்து பார்க்க

போபோலோ சதுக்கத்தில் தொடங்கி டைபர் ஆற்றைத் தாண்டி திராஸ்தேவெரே பகுதி வரை போனாலும் மொத்தம் சுமார் 4 கி.மீ.தான். தூரம் யாரையும் படுத்தாது. படுத்துவது தரையும் கடிகாரமும்.

முதலில் தரை. பழைய தெருக்களில் பாவியிருப்பவை கறுப்பு எரிமலைக் கற்கள். கல்லுக்குக் கல் இடைவெளி உண்டு, மேடு பள்ளமும் உண்டு. மெல்லிய அடிப்பாகமுள்ள செருப்பு போட்டால் மதியத்துக்குள் பாதம் எரியும். குதிகால் செருப்பு இடுக்கில் மாட்டும். மழை பெய்தால் வழுக்கும். ஏற்கெனவே போட்டுப் பழகிய, தடித்த அடி உள்ள ஷூதான் சரி.

காலை 7.30க்குக் கிளம்புங்கள். பபுயீனோ தெரு வழியே ஸ்பானியப் படிகள். படியில் உட்காராதீர்கள்; 2019 முதல் தடை, அபராதம் 400 யூரோ வரை போகும். அங்கிருந்து பத்து நிமிடத்தில் திரெவி நீரூற்று. 9 மணிக்குப் பிறகு போனால் தண்ணீரைவிடத் தலைகள்தான் தெரியும்.

அடுத்து பழைய ரோமானியக் கோயிலான பாந்தியன். நுழைவுக் கட்டணம் உண்டு; 2023இல் அது 5 யூரோ. உள்ளே போனதும் மேலே பார்ப்பார்கள் எல்லோரும், கீழேயும் பாருங்கள். குவிமாடத்தின் உச்சித் துளைக்கு மூடி இல்லை, மழை நேராக உள்ளே விழும். அதற்காகத் தரையை நடுவில் லேசாக உயர்த்தி, 22 வடிகால் துளைகள் போட்டிருக்கிறார்கள்.

பாந்தியனுக்கும் நவோனா சதுக்கத்துக்கும் நடுவே சான் லூயிஜி தேவாலயம். இடப்பக்கக் கடைசிச் சிற்றாலயத்தில் காரவாஜ்ஜோவின் மூன்று ஓவியங்கள், இலவசம். இருட்டாக இருந்தால் பெட்டியில் நாணயம் போட வேண்டும், விளக்கு எரியும். சில்லறை வைத்திருங்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும். பல தேவாலயங்களை மதியம் சில மணி நேரம் பூட்டிவிடுவார்கள். அதனால்தான் காலையிலேயே கிளம்பச் சொல்வது.

நவோனாவில் சிற்பி பெர்னீனியின் நான்கு நதிகள் நீரூற்றில் நீண்ட துடுப்போடு இருக்கும் உருவம் நம் கங்கை. காபியை இங்கே மேசையில் உட்கார்ந்து குடித்தால் பில் எகிறும். சந்துக்குள் போய்க் கடையின் கவுண்டரில் நின்று குடியுங்கள்.

குடிநீர் வாங்கவே வேண்டாம். தெருவோரம் எந்நேரமும் ஒழுகும் இரும்புக் குழாய்களுக்கு ‘நசோனே’, அதாவது பெரிய மூக்கு என்று பெயர். குடிக்கத் தக்க நீர். வளைந்த குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சிறு துளையிலிருந்து நீர் பீறிடும்; குனியாமல் குடிக்கலாம்.

சாலை கடக்க, சிக்னல் இல்லாத வரிக்கோட்டில் காத்து நின்றால் வண்டி நிற்காது. இடைவெளி பார்த்து இறங்கி, ஒரே வேகத்தில் நடங்கள். பாதியில் பின்வாங்குவதுதான் ஆபத்து.

காம்போ தே ஃபியோரி சந்தை கடந்து, சிஸ்தோ பாலம் ஏறினால் திராஸ்தேவெரே. அங்கே மெட்ரோ கிடையாது. திரும்ப டிராம் அல்லது பேருந்து. காகித டிக்கெட் எடுத்தால் ஏறியதும் இயந்திரத்தில் முத்திரை குத்துங்கள். மறந்தால், கையில் டிக்கெட் இருந்தும் அபராதம்தான்.

கொலோசியத்தை இதே நாளில் திணிக்காதீர்கள். அதன் டிக்கெட்டில் பெயரும் நுழைவு நேரமும் இருக்கும், அடையாள அட்டை கேட்பார்கள்.