ஜெயிக்கிற குதிரை எது? அமெரிக்க அதிபர் தேர்தலைக் கணிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஆள் நல்லவர்தான், ஆனால் ஜெயிப்பாரா?" அமெரிக்காவில் கட்சிகள் அதிபர் வேட்பாளரைத் தேடும் காலத்தில் அதிகம் அடிபடும் கேள்வி இது. எனக்குப் பிடித்திருக்கிறது, மற்றவர்கள் போடுவார்களா என்று தயங்கியே பலர் தங்கள் ஓட்டை மாற்றிப் போடுகிறார்கள். இங்கிருந்து வேடிக்கை பார்க்கிற நாமும் அதே கணக்கைத்தான் போடுகிறோம், அதே இடங்களில்தான் சறுக்குகிறோம்.

எண்ணிக்கைத் தவறை முதலில் முடித்துவிடலாம். நாடு முழுக்க யாருக்கு ஓட்டு அதிகம் என்பது அங்கே வெற்றியைத் தீர்மானிப்பதில்லை. மாநிலவாரியாகப் பிரித்துக் கொடுத்த 538 தேர்வாளர் ஓட்டுகளில் (எலெக்டோரல் ஓட்டுகளில்) 270 வேண்டும். மெயின், நெப்ராஸ்கா தவிர மற்ற மாநிலங்களில் ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கினாலும் அந்த மாநிலத்தின் தேர்வாளர் ஓட்டு மொத்தமும் அவருக்கே. 2016-இல் ஹிலாரி கிளின்டன் டிரம்பைவிட 28 லட்சம் ஓட்டுக்கு மேல் கூடுதலாக வாங்கியும் தோற்றார். மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றையும் சேர்த்து அவர் பின்தங்கியது சுமார் 78,000 ஓட்டில். கட்சி வேட்பாளரான பிறகு விஸ்கான்சினுக்குப் பிரசாரத்துக்கு அவர் ஒருமுறைகூடப் போகவில்லை. 2020-இல் பைடன் 70 லட்சம் ஓட்டு முன்னிலையில் வென்றார். ஆனால் அரிசோனா, ஜார்ஜியா, விஸ்கான்சின் மூன்றிலும் சேர்த்து அவருக்கு இருந்த வித்தியாசம் சுமார் 43,000தான். அந்த மூன்றும் கைமாறியிருந்தால் 269-269 என்று சமநிலையில் நின்றிருக்கும்.

அடுத்தது, ஜாதகம் பார்ப்பதுபோல் தகுதிப் பட்டியலை மட்டும் பார்த்து வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது. இதற்கு ஜான் கெர்ரியைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 2003 கடைசியில் ஜனநாயகக் கட்சித் தொண்டர்களின் மனதில் இருந்தவர் ஹோவர்ட் டீன். ஈராக் போரை உரக்க எதிர்த்தவர். ஆனால் ஓட்டுப் போடும் நேரம் வந்ததும் பயம் வந்துவிட்டது. போர்க்காலத்தில் அதிபர் புஷ்ஷை எதிர்க்க வியட்நாமில் சண்டையிட்டுப் பதக்கம் வாங்கியவர் இருந்தால் 'கோழை' என்று யாரும் சொல்ல முடியாதே என்று கணக்குப் போட்டு கெர்ரியைத் தேர்ந்தெடுத்தார்கள். கட்சி மாநாட்டு மேடையில் அவரும் ராணுவ சல்யூட் அடித்தே பேச்சைத் தொடங்கினார். சில நாட்களில், வியட்நாமில் படகுகளில் பணியாற்றிய முன்னாள் படையினர் குழு ஒன்று அந்தப் பதக்கங்களே சந்தேகத்துக்குரியவை என்று டிவி விளம்பரம் போட்டது. கெர்ரி அணி பதில் சொல்லத் தாமதித்தது. எந்தப் பலத்துக்காக அவரை நிறுத்தினார்களோ, அதையே குறிவைத்து அடித்தார்கள். இத்தனைக்கும் எதிரில் நின்ற புஷ் வியட்நாம் பக்கமே போகாதவர்! 286-251 என்ற கணக்கில் புஷ் ஜெயித்தார்.

மறுபக்கம், ஜாதகப்படி தேறவே மாட்டார் என்று ஒதுக்கப்பட்டவர்களின் பட்டியலும் நீளம். 1980-இல் ரீகனுக்கு வயது 69, பழைய சினிமா நடிகர், தீவிர வலதுசாரி. சுலபமாகத் தோற்கடித்துவிடலாம் என்று அவரையே போட்டியாளராக விரும்பியவர்கள் எதிரணியில் உண்டு. அவர் 44 மாநிலங்களை அள்ளினார்.

இதெல்லாம் ஏன் இப்படி ஆகிறது என்று புரிய 2008 ஜனவரி 3 மாலையைப் பார்க்க வேண்டும். இடம் அயோவா. அங்கே அன்றைக்கு ஜனநாயகக் கட்சியின் காக்கஸில், அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில், வாக்குச்சீட்டு கிடையாது. பள்ளிக்கூட ஹாலிலும் தேவாலயத்திலும் அக்கம்பக்கத்தார் கூடி, தங்கள் வேட்பாளருக்கான மூலையில் போய் நிற்க வேண்டும். ஒரு குழுவில் 15 சதவீதம் தேறவில்லை என்றால், பெரும்பாலான இடங்களில் அதில் நின்றவர்கள் கலைந்து வேறு மூலைக்கு நகர வேண்டும். யார் எங்கே நிற்கிறார் என்பது ஊருக்கே தெரியும். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வெள்ளையர்களாக இருந்த அந்த மாநிலத்தில் ஒபாமாவின் மூலை நிரம்பி வழிந்தது. ஹிலாரி கிளின்டன் மூன்றாவது இடம்.

அதுவரை தென் கரோலினாவில் கறுப்பினத்தவர் பலர் ஒபாமா விஷயத்தில் தயங்கிக்கொண்டிருந்தார்கள். பிடிக்கவில்லை என்றில்லை, வெள்ளையர்கள் போட மாட்டார்கள், நம் ஓட்டு வீணாகிவிடும் என்ற எண்ணம். அயோவா முடிவு வந்ததும் அந்தத் தயக்கம் உடைந்தது. ஜனவரி 26-இல் அங்கே நடந்த கட்சி வேட்பாளர் தேர்வில் ஒபாமா சுமார் 55 சதவீதம் வாங்கினார். அந்த மூன்று வாரத்தில் அவருடைய நிறமோ பெயரோ அனுபவமோ மாறவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்வார் என்ற ஊகம் மாறியது, அவ்வளவுதான். வேட்பாளரின் குணம் என்று நாம் நினைக்கும் 'வெற்றி வாய்ப்பில்' பாதிக்கு மேல் இந்த ஊகம்தான் என்பது என் கணிப்பு.

பைடன் கதையும் இதுவே. 2020-இல் கட்சி வேட்பாளர் போட்டியில் அயோவாவில் நான்காவது, நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது. கதை முடிந்தது என்று எழுதாத பத்திரிகை குறைவு. அப்புறம் தென் கரோலினாவின் மூத்த கறுப்பினத் தலைவர் ஜிம் கிளைபர்ன் ஆதரவு தெரிவித்தார். பிப்ரவரி 29-இல் பைடன் அங்கே பெரிய வெற்றி பெற்றார். உடனே இரண்டு போட்டியாளர்கள் விலகி அவர் பக்கம் வந்தார்கள். மார்ச் 3-இல் 14 மாநிலங்களில் 10 அவருக்கு. அதே போட்டியில் சொந்தப் பணத்தை நூறு கோடி டாலர் கணக்கில் கொட்டிய புளூம்பெர்க்குக்குக் கிடைத்தது அமெரிக்கன் சமோவா என்ற தீவுப் பகுதி மட்டும். பணம் இருந்தால் போதும் என்பவர்கள் இதை எழுதி வைத்துக்கொள்ளலாம்.

துணை அதிபர் வேட்பாளர் தன் மாநிலத்தைக் கொண்டுவந்து தருவார் என்ற நம்பிக்கையும் அப்படித்தான். 2012-இல் விஸ்கான்சின்காரரான பால் ரயனை நிறுத்தியும் ராம்னி விஸ்கான்சினை இழந்தார். அல் கோரோ 2000-இல் அதிபர் வேட்பாளராகவே நின்றும் சொந்த மாநிலம் டென்னசியை இழந்தார். அதை ஜெயித்திருந்தால் புளோரிடாவின் 537 ஓட்டு வித்தியாசத்துக்காக நீதிமன்றம் ஏறியிருக்க வேண்டாம்.

இன ஓட்டுகளை மொத்தமாக ஒருவர் பையில் போட்டுக் கணக்குப் பார்ப்பது இன்னொன்று. 2024-இல் கமலா ஹாரிஸின் தாய்வழித் தாத்தா ஊரான துளசேந்திரபுரத்தில் பேனரும் பூஜையுமாக அமர்க்களப்பட்டது. நமக்கும் அந்த ஆசை இருந்தது, சரி. ஆனால் அதே தேர்தலில், கிட்டத்தட்ட எல்லோருமே லத்தீன் வம்சாவளியினராக இருக்கும் டெக்சஸின் ஸ்டார் கவுண்டி, நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஜனநாயகக் கட்சிக்கே போட்டுவந்த ஊர், டிரம்புக்குப் போட்டது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, ஆளை மட்டும் பார்த்து ஆட்சியின் மீதான மனநிலையை விட்டுவிடுவது. வளைகுடாப் போர் முடிந்தபோது மூத்த புஷ்ஷுக்கு ஆதரவு 89 சதவீதம். ஜனநாயகக் கட்சியின் பெரிய தலைகள் போட்டிக்கே வரவில்லை. பொருளாதாரம் படுத்தது, அர்கன்சா ஆளுநர் பில் கிளின்டன் ஜெயித்தார். 2024 ஜூலையில் பைடன் விலகியபோது கட்சிக்குள் வயதைப் பற்றித்தான் பேச்சு. ஆளை மாற்றினால் பிழைத்துவிடலாம் என்று நம்பினார்கள். விலைவாசிக் கோபம் ஆட்சியின் மேல் இருந்தது. அக்டோபரில் ஒரு பகல்நேர டிவி நிகழ்ச்சியில் ஹாரிஸிடம், இந்த நான்கு ஆண்டுகளில் பைடன் செய்ததில் எதை வேறு மாதிரி செய்திருப்பீர்கள் என்று கேட்டார்கள். எதுவும் நினைவுக்கு வரவில்லை என்றார். டிரம்ப் அணி அந்தப் பதிலை அப்படியே விளம்பரமாக்கி ஓட்டியது. இழுபறி மாநிலங்கள் ஏழும் டிரம்ப் பக்கம் போயின.