மரத்தடியிலும் ஒரு சபையைக் கட்டிவிடாதீர்கள்

மட்டக்களப்பில் கண்டிப்பான ஒரு பெந்தகொஸ்தே குடும்பத்தில் வளர்ந்தவள் நான். பொட்டு இல்லை, பூ இல்லை, தோடு இல்லை, சினிமா இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து கோயில் பொங்கல் வந்தால் வாங்கிக்கொள்ளலாமா என்பதே வீட்டில் பெரிய விவாதம். இருபத்தெட்டாவது வயதில் சபையை விட்டேன். அதன் பிறகு 'பேகன்' என்றும் இயற்கை வழிபாடு என்றும் சில வருடங்கள் தேடித் திரிந்தேன். இப்போது அதே வழியில் கால் வைக்கிறவர்கள் சிலர் என்னிடம் வந்து பேசுகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதில் பாதிக்கு மேல் நானே விட்ட பிழைகள்.

பேகன் என்ற சொல்லைப் பார்த்து மிரள வேண்டாம். லத்தீனில் அதன் மூலச்சொல்லுக்கு நாட்டுப்புறத்தான் என்று பொருள். பிறகு கிறிஸ்தவர் அல்லாதவரை ஒதுக்கிச் சொல்லும் வசையாக அது மாறியது. நம் சபைகளில் 'அஞ்ஞானி' என்போமே, ஏறக்குறைய அதுதான். போன நூற்றாண்டில் சிலர் அந்த வசையையே எடுத்துத் தங்களுக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள்.

முதலில் நான் மாட்டிக்கொண்டது நாட்காட்டியில். சூனியத்தையும் இயற்கை வழிபாட்டையும் சேர்த்த விக்கா என்ற பேகன் வழியைப் பின்பற்றுகிறவர்களுக்கு வருடத்தில் எட்டுப் பண்டிகைகள். டிசம்பர் 21ஐ ஒட்டி வரும் நீண்ட இரவு அதில் ஒன்று. இருளை வென்று சூரியன் திரும்பி வருகிறதாம். நானும் அறைக்குள் எட்டு மெழுகுதிரி ஏற்றி உட்கார்ந்தேன். வெளியே மாரி மழை ஊற்றிக்கொண்டிருந்தது. முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர், தவளைச் சத்தம், கரண்டும் இல்லை. மாமி கதவைத் திறந்து பார்த்தா. "கரண்ட் வந்தா மெழுகுதிரிய அணைச்சிரு மனே, நாளைக்கும் வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனா. சூரியன் திரும்பியதாக அந்த வீட்டில் யாருக்கும் படவில்லை, எனக்கும்தான்.

படாததற்குக் காரணம் இருக்கிறது. லண்டனில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் கிட்டத்தட்ட 9 மணி நேர வித்தியாசம். நமக்கு ஒரு மணி நேரம்கூடத் தேறாது. அங்கே டிசம்பரில் வெளிச்சத்துக்கு ஏங்குவது உடம்பின் ஏக்கம். இங்கே உடம்பு ஏங்குவது வேறு எதற்கோ. ஆடியில் கச்சான் காற்று தோலை வறட்டும்போது முதல் மழைக்கு ஏங்குகிறோம். மாரியில் ஒரு நாள் வெயிலுக்கு ஏங்குகிறோம். ஐப்பசி விதைப்பு, மாசி பங்குனி வெட்டு, சூடடிக்கும் களவெட்டியில் பொலி, வீட்டில் புது அரிசிப் புதிர், இவைதான் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் வருடம். எட்டுப் பண்டிகையை மனப்பாடம் செய்வதற்கு முன் ஒரு வருடம் ஒரு கொப்பி வைத்து எழுதிப் பாருங்கள். எந்த மாதம் காற்று திரும்பியது, வாவி எப்போது பெருகியது, எந்த மரம் பூத்தது என்று. போரடிக்கும்தான். ஆனால் உங்கள் ஊர் உங்களுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

அந்த எட்டுப் பண்டிகைச் சக்கரம் இன்றைய வடிவத்தில் கோர்க்கப்பட்டது 20ஆம் நூற்றாண்டின் நடுவில்தான். பிரிட்டனில் சூனியத்துக்கு எதிரான பழைய சட்டம் 1951இல் நீக்கப்பட்டது. 1954இல் ஜெரால்ட் கார்ட்னர் விக்காவைப் பற்றித் தன் நூலை வெளியிட்டார். ஐரோப்பாவில் பழைய சூனியக்காரிகளின் மதம் அறுபடாமல் மறைவாகத் தொடர்ந்து வந்தது என்று 1921இல் மார்கரெட் மரே எழுதியதை இன்றைய வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை. வழி புதியது என்பதால் மட்டும் அது பொய்யாகிவிடாது. ஆனால் 'இதுதான் ஆதி வழி, மற்றதெல்லாம் பின்னால் வந்த கலப்படம்' என்று யாராவது சொன்னால் காதைக் கூர்மையாக்குங்கள். இதே வாக்கியத்தைத்தானே ஞாயிற்றுக்கிழமை தோறும் கேட்டோம்?

அடுத்த பிழை இதைவிட மோசமானது. வெளிநாட்டுச் சடங்கு ஒட்டவில்லை என்றதும் ஊர்ச் சடங்கின் பக்கம் திரும்பினேன். ஒரு வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் சடங்குக்குப் போனேன். பல ஊர்களில் அந்தக் கோயில் வருடத்தில் அந்தச் சில நாட்கள்தான் திறந்திருக்கும். கண்ணகியின் கதையான வழக்குரையைப் பாடி, கடைசியில் குளிர்த்தி செய்து, அம்மனின் வெக்கையைத் தணித்துவிட்டு மூடிவிடுவார்கள். பின்னால் நின்று போனைத் தூக்கிப் பிடித்தேன். கூடவே என்ன தலைப்பு எழுதலாம் என்று மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. 'நம் மண்ணின் நெருப்புத் தேவி' என்ற மாதிரி ஏதோ. பக்கத்தில் நின்ற வயதானவர் சத்தம் போடவில்லை. "மகள், அத உள்ள வெச்சிட்டுக் கும்பிடுங்க" என்றார். போனை வைத்துவிட்டேன். ஆனால் கும்பிடத் தெரியவில்லை. கையைக் கட்டுவதா, கூப்புவதா என்றே குழப்பம்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. சபையில் இருந்த காலத்தில் அந்த அம்மனை நான் பிசாசு என்றேன். இப்போது இயற்கைச் சக்தி என்கிறேன். இரண்டு முறையும் அவளைப் பாடுகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களுக்கு அவள் கண்ணகி. அம்மை நோயின் காலத்தில் அவளைக் கூப்பிட்டவர்கள் அவர்கள், மழை பொய்த்தால் கூப்பிடுகிறவர்களும் அவர்கள். எந்தக் குடிக்கு எந்த உரிமை, பூசை செய்யும் கட்டாடியார் யார், யார் விரதம் என்று ஒழுங்கு இருக்கிறது. அது ஆளில்லாத காணி அல்ல, வேலி தாண்டிப் போய்க் குடிசை போட. வாகரைப் பக்கத்து வேடர் சமூகத்தின் சடங்குகளுக்கு இது இன்னும் பொருந்தும். வெளியாட்கள் பார்த்து எழுதி, படம் பிடித்துப் போன கூட்டம் அவர்களுக்குப் புதிதல்ல. கூப்பிட்டால் போங்கள். போனால் பானை தூக்கவோ தண்ணீர் அள்ளவோ ஒரு வேலையைக் கேட்டு வாங்குங்கள்.

காசு விஷயம். மட்டக்களப்பார் மந்திரம் போட்டு ஆளைப் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று வெளியூர்க்காரர் சொல்லும் கதை உங்களுக்கும் தெரியும். எங்கே படிக்கப் போனாலும், எங்கே வேலைக்குப் போனாலும் அந்தப் பகிடி முதல் நாளே வந்துவிடும். ஆனால் பயத்தில் வளர்ந்தவருக்கு அது முழுப் பகிடி அல்ல. சபையை விட்டால் நரகம் என்ற நம்பிக்கை போகலாம். பிசாசு பயம் லேசில் போகாது, அது எலும்பில் இருக்கும். 'உங்களைச் சுற்றி யாரோ செய்த கட்டு இருக்கு' என்று ஒருவர் சொன்னபோது 15,000 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன். பழைய தசமபாகம் புதுக் கைக்குப் போனது, அவ்வளவுதான். கல், டாரோ சீட்டு, ஆற்றல் சுத்தம் என்று இணையத்தில் விற்பவர்களும் இதே பயத்தைத்தான் தூண்டில் இரையாகக் குத்துகிறார்கள். முதல் இரண்டு வருடம் யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். மரம் டிக்கெட் கேட்பதில்லை.

வெள்ளை சேஜ் இலையை வெளிநாட்டிலிருந்து வரவழைத்துப் புகை போடுவதும் தேவையற்ற வேலை. தெற்குக் கலிபோர்னியாப் பக்கத்துச் செடி அது. அங்குள்ள பூர்வகுடிகளுக்குப் புனிதமானது, காட்டில் களவாக வெட்டப்படுவதாலும் பாதிக்கப்படுகிறது. உங்கள் கடைத்தெருவில் சாம்பிராணி இருக்கிறது. ஊமத்தை, கார்த்திகைக் கிழங்கு போன்றவற்றை 'ஞானச் செடி' என்று வாயில் வைக்கவே வைக்காதீர்கள். இரண்டும் ஆளைக் கொல்லும். பூரணை இரவு காட்டில் தனியாகத் தியானம் என்ற ஆசையும் வேண்டாம். வெல்லாவெளி, கிரான் பக்கம் கேட்டுப் பாருங்கள், யானை யாருடைய தியானத்தையும் பார்த்து ஒதுங்காது. வாவிக்கரையில் முதலை. போத்தல், ரிப்பன், மினுக்குத் தாள் எல்லாவற்றையும் காணிக்கை என்று கண்டல் காட்டுக்குள் போடுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

'இயற்கை அன்னை' என்ற பேச்சைக் கொஞ்சம் அடக்கி வாசியுங்கள். என்னுடன் வந்த தோழி ஒருத்தி, நாவலடிக் கடற்கரையில் மீன் வெட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் உற்சாகமாகச் சொன்னாள், கடல் நம் எல்லாருக்கும் தாய் என்று. அந்த அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. செதிலைச் சீவிக்கொண்டே இருந்தா. 2004 டிசம்பர் 26 அன்று அந்தக் கரை என்ன ஆனது என்று தோழிக்கு நான் பஸ்ஸில் வரும்போதுதான் சொன்னேன். 1978 நவம்பர் சூறாவளியைப் பற்றி என் அம்மம்மா சொல்லும்போதும் அதில் தாய் என்ற சொல் வராது. கூரை பறந்ததும் தென்னைகள் சாய்ந்து கிடந்ததும்தான் வரும். கண்ணகியை ஏன் குளிர்த்துகிறார்கள் என்பது அந்த பஸ்ஸில்தான் எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது. கும்பிடுவதில் பயமும் ஒரு பங்கு.

இனி, வீட்டில் சொல்வது. சபையில் 'சாட்சி' சொல்லிப் பழகிய நமக்கு எதையும் எழுந்து நின்று அறிவிக்காவிட்டால் நடந்ததாகவே தோன்றாது. விட்டுவிட்டேன் என்று அறிவிக்க அவசரப்படாதீர்கள். விரும்பிய மதத்தையோ நம்பிக்கையையோ வைத்திருக்கும் சுதந்திரம் இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரையில் இருக்கிறது, சரி. ஆனால் வாடகை கட்டப்போவது உறுப்புரை அல்ல. கையில் வருமானம், போய்த் தங்க ஓர் இடம், நம்ப ஓர் ஆள், இவை முதலில். முஸ்லிம் குடும்பங்களிலிருந்து வரும் பெண்களுக்கு, கல்யாணம், விவாகரத்து எல்லாம் தனிச் சட்டத்தின் கீழ் வருவதால், ஆபத்தின் கணக்கே வேறு. அவர்களிடம் 'துணிந்து சொல்' என்று உபதேசிக்க எனக்கு வாய் வராது. பிள்ளை இருந்தால் இன்னொரு சிக்கல். ஓ.எல். பரீட்சையில் சமயம் கட்டாயப் பாடம், இயற்கை வழிபாட்டுக்குத் தாள் கிடையாது!

விட்டு வந்த மதத்தைப் பொதுவெளியில் கேலி செய்யும் ஆசையும் வரும். எனக்கும் வந்தது. மத வெறுப்பைத் தூண்டியதாகக் குற்றம் சாட்ட 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு நடந்த ஊர் இது. அன்று காலை பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் நம் தெருவில்தான் இருக்கிறார்கள். எனக்குச் சபை மேல் இருக்கும் கோபம் நியாயமானதுதான். அதை எங்கே வைப்பது என்பதை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக ஒன்று, எனக்கு விடுவதற்கு வெகு நாள் எடுத்தது. சபையில் தலையில் கை வைத்து ஜெபித்த பிறகு பாஸ்டர் கேட்பார், "உணர்ந்தீங்களா?" என்று. ஒன்றும் உணராவிட்டாலும் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும். பின்னால் வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள். அந்த ஆமாம் எனக்கு மரத்தடியிலும் கூடவே வந்தது. ஆலமரத்தில் கை வைத்துவிட்டு உடம்பெல்லாம் சிலிர்த்தது என்று எழுதியிருக்கிறேன். சிலிர்க்கவில்லை. எறும்புதான் கடித்தது.

போன வைகாசிப் பூரணைக்குக் கல்லடிப் பாலத்துக்குக் கீழே தோணியில் போனோம், வாவியில் பாடுவதாகச் சொல்லும் மீனைக் கேட்க. தோணிக்காரர் துடுப்பைத் தண்ணீருக்குள் செங்குத்தாக இறக்கி, மேல் நுனியில் காதை வைக்கச் சொன்னார். வைத்தேன். மரம் ஈரமாகக் குளிர்ந்தது. தண்ணீர் தோணியில் மோதும் சத்தம், மேலே பாலத்தில் ஒரு லொறி, அப்புறம் ஏதோ ஒரு இழுவை, வீணைக் கம்பியைத் தொட்டுவிட்ட மாதிரி. அல்லது என் காதுக்குள் ஓடும் இரத்தமோ என்னவோ.

"கேட்டுதா?" என்றார்.

"தெரியல்ல."

"அப்ப அடுத்த பூரணைக்கு வாங்க" என்று சொல்லித் துடுப்பை எடுத்தார்.