சொந்தமாகக் கட்டும் இணையத்தளம்: காசு கட்டமுன் பார்க்கவேண்டியவை

விக்ஸ், ஸ்குவேர்ஸ்பேஸ், ஷொப்பிஃபை போன்ற ‘பில்டர்’களில், அதாவது நிரல் எழுதாமலே தளம் கட்டவிடும் சேவைகளில், ஒரு பின்னேரத்துக்குள் வடிவான தளம் எழுப்பிவிடலாம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் தையற்கடையோ நல்லூரடியில் விடுதியோ வைத்திருப்பவருக்கு அது போதும் போலத்தான் தோன்றும். அதில் காசு வாங்கவோ அதைவிட்டு வெளியேறவோ நினைக்கும்போதுதான் சிக்கல் தொடங்கும்.

முதலில் காசு வரும் வழியைப் பாருங்கள். இணையக் கட்டணச் சேவையான பேபால் இலங்கையில் நீண்ட காலமாகக் காசு அனுப்பத்தான் உதவிவந்தது, வாங்க அல்ல. அதேபோன்ற ஸ்ட்ரைப்பும் ஷொப்பிஃபையின் சொந்தக் கட்டண வசதியும் இலங்கைக் கடைகளுக்குத் தரப்படுவதில்லை. பில்டர்கள் பெரும்பாலும் இவற்றை நம்பியே கட்டப்பட்டவை. கனடாவில் உள்ளவர் மிளகாய்த்தூளும் ஒடியல்மாவும் தெரிந்தெடுத்துவிட்டுக் கடைசிப் பக்கத்தில் காசு கட்ட வழியில்லாமல் நிற்பார். ஆகவே பேஹியர் போன்ற உள்ளூர்க் கட்டணச் சேவையிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: நீங்கள் எடுக்கப்போகும் பில்டருடன் இணையுமா, பில்டரின் எந்தத் திட்டத்திலிருந்து இணையும், வெளிநாட்டு அட்டைகளை ஏற்குமா? ஷொப்பிஃபையில் வெளிக் கட்டணச் சேவை பாவித்தால், அந்தச் சேவையின் கழிவுக்கு மேலாக ஷொப்பிஃபையும் ஒரு பங்கு எடுக்கும். பொருளுக்கு விலை போடும்போது இரண்டையும் சேருங்கள். மாதம் பத்து ஓடர்தான் என்றால் இந்தத் தலையிடியே வேண்டாம். விலைப்பட்டியலும் வாட்ஸ்அப் இலக்கமும் போதும்.

அடுத்தது டொலர். மாதக் கட்டணம் டொலரில்தான் வெட்டப்படும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. 20 டொலர் திட்டம் ஒன்று 4,000 ரூபாவிலிருந்து 7,200 ரூபா ஆகியிருக்கும், தளத்தில் ஒரு எழுத்தும் மாறாமலே. ‘முதல் வருடம் டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) இலவசம்’ என்பதையும் இரண்டாம் வருடக் கணக்கில் பாருங்கள்: திட்டத்தின் முழுவிலை, டொமைன் புதுப்பிப்பு, கடைப்பெயரில் மின்னஞ்சல், மேலதிக அப்கள். அட்டை காலாவதியானால் புதுப்பிப்பு தவறித் தளம் இறங்கிவிடும். நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டார் அறை தேடும் நேரத்தில் அது நடந்தால் நட்டம் பெரிது.

டொமைனை பில்டரிடம் வாங்காதீர்கள். ‘.கொம்’ என்றால் தனிப் பதிவாளரிடமும், ‘.எல்கே’ என்றால் எல்கே டொமைன் பதிவகத்திலும் வாங்கி, டிஎன்எஸ் அமைப்பில், அதாவது பெயர் எந்தத் தளத்துக்குப் போகவேண்டும் என்று குறிக்கும் இடத்தில், பில்டரைச் சுட்டுங்கள். பதிவு உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் இருக்கவேண்டும். செய்து தந்த பொடியனின் ஜீமெயிலில் இருந்தால், அவர் வெளிநாடு போனபின் கடவுச்சொல்லுக்கு அலைய வேண்டும். புதிதாக எடுத்த ‘.கொம்’ பெயரை 60 நாட்களுக்கு வேறு பதிவாளருக்கு மாற்ற முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

பில்டரும் வாடகைக் கடை போலத்தான். வாடகைக் கடையைவிட்டுப் போகும்போது அலுமாரியைக் கொண்டுபோகலாம், சுவரைக் கொண்டுபோக ஏலாது. விக்ஸில் கட்டிய தளத்தை அப்படியே எடுத்து வேறிடத்தில் ஏற்ற முடியாது. அதன் வழமையான எடிட்டரில் கட்டியபின் டெம்ப்ளேட்டைக்கூட (ஆயத்த வடிவமைப்பை) மாற்ற முடியாது. ஸ்குவேர்ஸ்பேஸ் சில வகைப் பக்கங்களை மட்டும் ஏற்றுமதி செய்யவிடும். ஷொப்பிஃபை பொருட்பட்டியலைத் தரும், வடிவமைப்பு வேறிடத்தில் உதவாது. சேவையே நின்றுபோவதும் உண்டு: கூகுள் வணிகப் பக்கத்தோடு இலவசமாகக் கிடைத்த தளங்களைக் கூகுள் 2024 மார்ச்சில் மூடிவிட்டது. எனவே வாசகங்களைக் கூகுள் டொக்ஸில் எழுதி, பிறகு தளத்தில் ஒட்டுங்கள். மூலப் படங்களும் பொருட்பட்டியலும் வாடிக்கையாளர் இலக்கங்களும் உங்கள் கைவசம் இருக்கட்டும்.

தமிழில் எழுதினால் கவனிக்க இன்னும் கனக்க இருக்கிறது. பழைய துண்டுப்பிரசுரத்திலிருந்து எடுத்த, பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த வாசகம், தளத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாய்க் குப்பையாகத் தெரியும். அதை முதலில், எங்கும் தமிழாகவே தெரியும் யுனிகோட் முறைக்கு மாற்றுங்கள். டெம்ப்ளேட்டின் அழகான எழுத்துருவில் பெரும்பாலும் தமிழ் இராது. நோட்டோ சான்ஸ் தமிழ், கற்றமரான், முக்தா மலர் போன்றவை தெரிவில் உள்ளனவா பாருங்கள். தலைப்புகளில் எழுத்து இடைவெளியைச் சுழியமாக்குங்கள், இல்லாவிட்டால் கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகக்கூடும். வரி உயரம் எழுத்தளவின் 1.6 மடங்குக்குக் குறைந்தால் மேல்வரியின் உகரச் சுழியும் கீழ்வரியின் இகர விசிறியும் முட்டக்கூடும். பொத்தானில் ‘தொடர்புகொள்ளுங்கள்’ என்று போட்டால் சிறிய போனில் உடைந்து இரண்டு வரியாகும், ‘அழைக்க’ போதும். பொருள் வாங்கும் பக்கத்தில் பில்டரே போடும் ஆங்கில வாசகங்களை மாற்றவிடுகிறதா என்பதையும் இலவசக் காலத்திலேயே சோதியுங்கள்.

போன் படத்தை அப்படியே ஏற்றாமல் 1,600 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி 200 கிலோபைட்டுக்குள் வையுங்கள்.

பில்டர்களுக்கு மாற்றாகச் சொல்லப்படும் வேர்ட்பிரஸ் என்ற இலவச மென்பொருளில் கட்டினால், தளத்தை அப்படியே வேறிடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால் புதுப்பிப்பு, காப்புப்பிரதி, பாதுகாப்பு என்று மாதாமாதம் பார்க்க ஒரு ஆள் வேண்டும். கவனிக்காத வேர்ட்பிரஸ் தளத்துக்குள் கள்ளர் புகுவது சுலபம். அப்படி ஆள் இல்லாதவர், டொமைனை வெளியில் வைத்துக்கொண்டு பில்டரிலேயே இருப்பது நல்லது.