எஃகு உருவ இலக்குப் போட்டிக்குக் கைத்துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மெட்டாலிக் சிலூவெட் போட்டியில் காகிதமும் வளையங்களும் இல்லை. கோழி, பன்றி, வான்கோழி, செம்மறிக்கடா ஆகிய நான்கு உருவங்களில் வெட்டப்பட்ட எஃகுத் தகடுகள் வரிசையாக நிற்கும். சுட்ட தகடு தன் மேடையிலிருந்து விழுந்தால் ஒரு புள்ளி, குண்டு பட்டும் நின்றுவிட்டால் புள்ளி இல்லை. மெக்சிகோவில் ரைபிள் போட்டியாக வளர்ந்த இந்த விளையாட்டு 1970களில் அமெரிக்காவில் கைத்துப்பாக்கிக்கும் வந்தது. அதற்கான விதிகளை, 1976-இல் தொடங்கப்பட்டு ஐ.எச்.எம்.எஸ்.ஏ. என்று சுருக்கி அழைக்கப்படும் சர்வதேசக் கைத்துப்பாக்கி மெட்டாலிக் சிலூவெட் சங்கம் வகுத்தது. பெரிய காலிபர் (குழலின் உள்விட்டமும் அதற்கேற்ற தோட்டாவும்) போட்டியில் கோழி 50 மீட்டரிலும், பன்றி 100 மீட்டரிலும், வான்கோழி 150 மீட்டரிலும், கடா 200 மீட்டரிலும் நிற்கும். ஒவ்வோர் உருவத்துக்கும் பத்து வீதம் நாற்பது தோட்டாக்கள் என்பது வழக்கமான சுற்று. தோட்டாவை நிரப்ப முப்பது விநாடிகளும், ஐந்து இலக்குகளை இடமிருந்து வலமாக வரிசை மாறாமல் சுட இரண்டு நிமிடங்களும் கிடைக்கும். கைத்துப்பாக்கிக்கு 200 மீட்டர் மிக நெடிய தொலைவு என்பதால், தற்காப்புக்கோ காகித இலக்குக்கோ நல்லதெனப் பெயர் பெற்ற துப்பாக்கி இங்கும் நல்லதாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கடைக்குப் போவதற்கு முன் முடிவு செய்ய வேண்டியது போட்டிப் பிரிவு. பிரிவு தெரியாமல் வாங்கிய துப்பாக்கி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், அளவு மீறியதாகவோ மாற்றம் செய்யப்பட்டதாகவோ பரிசோதனை மேசையிலேயே திருப்பி அனுப்பப்படலாம். ஐ.எச்.எம்.எஸ்.ஏ. விதிகளில் ‘புரொடக்‌ஷன்’ பிரிவுக்கு உரியது, தயாரிப்பாளர் பட்டியலிட்டு விற்கும் வடிவிலேயே உள்ள துப்பாக்கி. அதன் குழல் 10¾ அங்குலத்துக்கும் எடை 4 பவுண்டுக்கும் மிகக் கூடாது. ‘ரிவால்வர்’ பிரிவு பெயருக்கேற்பச் சுழலும் சிலிண்டர் கொண்டவற்றுக்கு உரியது. ‘அன்லிமிடெட்’ பிரிவில் குழல் 15 அங்குலம் வரையும் எடை 4½ பவுண்டு வரையும் போகலாம். பயனர் செய்துகொள்ளும் மாற்றங்களுக்கும் அங்கே இடம் அதிகம். நின்றபடி சுடும் பிரிவுகளும், .22 காலிபர் துப்பாக்கிக்கென 25 முதல் 100 மீட்டர் வரையிலான தொலைவுகளில் சிறிய தகடுகளை வைத்து நடத்தும் பிரிவும் தனியாக உண்டு. உள்ளூர்ச் சங்கம் எந்தப் பிரிவுகளை நடத்துகிறது, அதன் நடப்பு விதிநூல் என்ன சொல்கிறது, உங்கள் நாட்டின் உரிமச் சட்டம் எந்தக் காலிபரையும் எந்தக் குழல் நீளத்தையும் அனுமதிக்கிறது என்ற மூன்றும் உறுதியான பிறகே துப்பாக்கியின் பெயரைப் பற்றிப் பேசுவதில் பொருள் இருக்கிறது.

அடுத்தது காலிபர். புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். கடாத் தகடு ஏறத்தாழ 25 கிலோ எடையுள்ளது. அதைச் சாய்ப்பதில் குண்டின் இயக்க ஆற்றலைக் காட்டிலும் அதன் உந்தம், அதாவது நிறையையும் வேகத்தையும் பெருக்கினால் கிடைக்கும் அளவே முதன்மையானது. தகட்டில் மோதியதும் ஈயக் குண்டு சிதறிவிடுவதால் ஆற்றலில் பெரும்பங்கு வெப்பமாகவும் சிதறலாகவும் போய்விடுகிறது. தகட்டைத் தள்ளுவது உந்தம். .357 மேக்னம் என்ற தோட்டாவின் வழக்கமான 158 கிரெய்ன் (ஏறத்தாழ 10 கிராம்) குண்டு 200 மீட்டரை அடையும்போது அதன் உந்தம் வினாடிக்கு சுமார் 3 கிலோகிராம்-மீட்டராகக் குறைந்திருக்கும்; .44 மேக்னத்தின் 240 கிரெய்ன் குண்டிடம் அங்கே ஏறக்குறைய 4½ எஞ்சியிருக்கும். எனவே .357-ஐக் கொண்டு கடாவைச் சுடுபவர்கள் 180 அல்லது 200 கிரெய்ன் குண்டுக்கு மாறுவார்கள். அப்படியும் தகட்டின் மேற்பகுதியில் பட்டால்தான் அது உறுதியாக விழும். வயிற்றிலோ காலிலோ பட்டால் மணியடித்ததுபோல் ஒலித்துவிட்டு அப்படியே நிற்கக்கூடும். நன்றாகக் குறிவைத்துச் சரியாகச் சுட்ட தோட்டாவுக்குப் புள்ளி கிடைக்காமல் போவது எவரையும் சோர்வடையச் செய்யும். ஆகவே கடாவுக்குப் போதுமான உந்தம் இருக்கிறதா என்பதை வாங்கும் முன்பே கணக்கிட்டுப் பார்த்துவிட வேண்டும்.

ஆனால் போதுமான அளவு கிடைத்த பின் அதற்கு மேல் தேடுவது தவறு. உந்தம் கூடக் கூடப் பின்னுதைப்பும் கூடுகிறது. நாற்பது தோட்டாக்களில் முப்பதாவதைச் சுடும்போது கை தானாகவே சுருங்கத் தொடங்குகிறது. ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிகளில் 7 எம்.எம். டி.சி.யு. இவ்வளவு விரும்பப்பட்டதற்குக் காரணம் இந்தச் சமநிலையே. .223 ரெமிங்டன் தோட்டா உறையின் கழுத்தை 7 மில்லிமீட்டருக்கு விரித்து வெஸ் உகால்டே உருவாக்கிய தோட்டா அது. நீண்டு கூர்மையான 140 கிரெய்ன் குண்டு காற்றில் வேகத்தை எளிதில் இழப்பதில்லை என்பதால், .44 மேக்னத்துக்கு இணையான உந்தத்தை 200 மீட்டரில் குறைந்த பின்னுதைப்புடன் தருகிறது. 7 எம்.எம். பி.ஆர். என்ற தோட்டா வலுவில் அதற்கு ஒரு படி மேல். ஆனால் இத்தகைய தோட்டாக்களை, உறையில் மருந்தையும் குண்டையும் வைத்து, நீங்களே செய்துகொள்ள வேண்டியிருக்கும். அதற்கான கருவியும் பொறுமையும் சட்ட அனுமதியும் இல்லாதவர் கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் காலிபரையே தேர்ந்தெடுப்பது நல்லது. எஃகு உட்கரு கொண்ட குண்டுகள் தகட்டைக் குழியாக்கிச் சிதறல்களைத் திருப்பி அனுப்பும் என்பதால், அவற்றைச் சுடும் திடல்கள் அனுமதிப்பதில்லை.

காலிபருக்குக் கொடுக்கும் கவனத்தைவிட அதிகமாக சைட்டுக்கு, அதாவது குறிபார்க்கும் அமைப்புக்குக் கொடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. ஒரு சுற்றுக்குள் நான்கு தொலைவுகள் வருகின்றன. 50 மீட்டருக்குச் சரிசெய்த .44 மேக்னத்தைச் சைட்டை மாற்றாமல் 200 மீட்டரில் சுட்டால் குண்டு ஒரு மீட்டருக்கும் மேல் தாழ்ந்து விழும். ஆகவே ஒவ்வொரு தொலைவுக்கும் பின் சைட்டைக் கணக்காக உயர்த்த வேண்டும். கோழிக்குத் திரும்பும்போது சைட் திருகில் அதே எண்ணிக்கைக் கிளிக்குகளைக் குறைத்தால் அது பழைய இடத்துக்கே மாறாமல் வந்து நிற்க வேண்டும். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே 300 மில்லிமீட்டர் இருந்தால், பின் சைட்டில் நேரும் ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்குப் பிழை 200 மீட்டரில் ஏறத்தாழ 67 மில்லிமீட்டராக விரியும். குட்டைக் குழலில் அந்த இடைவெளி 150 மில்லிமீட்டராகச் சுருங்கினால் பிழை இரட்டிப்பாகும். 380 மில்லிமீட்டராக நீண்டால் 53-க்கு இறங்கும். இந்த விளையாட்டில் நெடுங்குழல் விரும்பப்படுவதற்கு வேகம் கூடுவது ஒரு காரணம். இந்த வடிவியல் அதைவிடப் பெரிய காரணம். துப்பாக்கியைக் கையில் எடுத்ததும் சைட் திருகைத் திருகிப் பாருங்கள். ஒவ்வொரு கிளிக்கும் விரலுக்குத் தெளிவாக உணரப்பட வேண்டும். பின் சைட்டின் தகட்டை விரலால் அசைத்தால் ஆடக் கூடாது. கடாவுக்கான உயரத்தை எட்டிய பிறகும் மேலே ஏறச் சில கிளிக்குகள் மிச்சம் இருக்க வேண்டும். தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட சைட்டுகள் பலவற்றில் அந்த மிச்சம் இருப்பதில்லை. முன் சைட்டின் அகலமும் முக்கியம்: பின் சைட்டின் பிளவில் இருபுறமும் சிறிது வெளிச்சம் தெரிய வேண்டும், இல்லையேல் மங்கிய மாலை ஒளியில் நடு எது என்று கண்ணுக்குப் பிடிபடாது. தொலைநோக்கி சைட் அனுமதிக்கப்படும் பிரிவுகள் உள்ளன. கண்பார்வை தளர்ந்தவர்களுக்கு அவை நல்ல வழி. கையை நீட்டிப் பிடித்த நிலையில் பார்க்கத்தக்க, கைத்துப்பாக்கிக்கென்றே செய்யப்பட்ட தொலைநோக்கியைத்தான் வாங்க வேண்டும்.

டிரிகர் எனப்படும் சுடும் விசையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். அது மென்மையாக இருப்பதைவிட ஒவ்வொரு முறையும் ஒரே எடையில், இழுபடாமல் சட்டென விடுபடுவதே தேவை. பிடி உங்கள் உள்ளங்கையை நிரப்ப வேண்டும். பின்னுதைப்புக்குப் பின் கையை மறுபடி சீர்செய்யாமலேயே அடுத்த தோட்டாவைச் சுட முடிந்தால் அது உங்களுக்கு ஏற்ற பிடி.

ரிவால்வரா, ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியா என்ற கேள்விக்கு, சுடும் நிலையைக் கொண்டு விடை காண்பது பயன் தரும். நிற்கும் பிரிவுகள் தவிர மற்றவற்றில் பெரும்பாலோர் கிரீட்மோர் நிலையில் சுடுகிறார்கள்: மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, துப்பாக்கியைக் காலின் பக்கவாட்டில் தாங்கவைத்துச் சுடுவது. ரிவால்வரில் சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையேயுள்ள இடுக்கிலிருந்து சுடு வாயுவும் ஈயத் துகளும் பக்கவாட்டில் பீறிடும். அது காலின் தோலைக் கிழிக்கவும் எரிக்கவும் வல்லது. எனவே ரிவால்வர் வாங்குபவர் தடித்த தோலால் செய்த கால் காப்பையும் சேர்த்தே வாங்க வேண்டும். எந்த வகைத் துப்பாக்கியானாலும் குழல்வாய் காலைத் தாண்டி முன்னால் நீண்டிருக்க வேண்டும் என்பதில் சமரசம் கிடையாது. பத்து அங்குலக் குழல் இங்கே பாதுகாப்புக்கும் உதவுகிறது. ரூகர் சூப்பர் பிளாக்ஹாக்கின் 10½ அங்குலக் குழல் கொண்ட வடிவமும், ஃப்ரீடம் ஆர்ம்ஸ், டான் வெசன் ரிவால்வர்களும் இப்போட்டிகளில் நெடுங்காலமாக மதிக்கப்படுபவை. அதிவேகத் தோட்டாக்கள் ரிவால்வரை எப்படித் தேய்க்கும் என்பதற்கு .357 மேக்சிமம் என்ற தோட்டா ஓர் எச்சரிக்கை. 1980களின் தொடக்கத்தில் ரூகர் அதற்கென வெளியிட்ட ரிவால்வரில், லேசான குண்டுகளைச் சுட்டபோது தீச்சுவாலை சிலிண்டருக்கு மேலுள்ள உலோகச் சட்டத்தை அரித்த பிரச்சினை எழுந்து, அதன் தயாரிப்பு விரைவிலேயே நின்றது.

ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிகளில் இந்த இடுக்கே இல்லை. 1963-இல் வந்த ரெமிங்டன் எக்ஸ்.பி.-100, கைப்பிடியுள்ள போல்ட்டைப் பின்னிழுத்துத் தோட்டாவை ஏற்றும் போல்ட் வகையைச் சேர்ந்தது. ரைபிளுக்கு நெருங்கிய துல்லியம் உடையது. 1967-இல் தாம்சன்/சென்டர் நிறுவனம் வெளியிட்ட கன்டெண்டர் மடக்கித் திறக்கும் வகை; அதன் குழலைக் கழற்றி வேறு காலிபர் குழலைப் பொருத்தலாம். ஒரே துப்பாக்கியை வாங்கி நெடுங்காலம் ஆட விரும்புபவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது கன்டெண்டர் அமைப்பையே. .22 குழலில் பழகிய அதே பிடி, அதே விசை, பெரிய காலிபருக்கு மாறும்போதும் மாறாமல் தொடர்கின்றன. எனினும் அதன் உலோகச் சட்டம் ரைபிள்களின் முழுவலுத் தோட்டாக்களுக்காக வடிவமைக்கப்பட்டதன்று. தயாரிப்பாளர் தந்த காலிபர் எல்லையை மீறிச் செய்யப்பட்ட குழல்களை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தவிர்க்க வேண்டும்.

இதுவரை எந்தப் போட்டியிலும் கலந்துகொள்ளாதவர் .22-இல் தொடங்குவதே சரி என்று தயங்காமல் சொல்வேன். அங்கும் நான்கு உருவங்கள், நான்கு தொலைவுகள், அதே நேர வரம்பு. தகடுகள் சிறியவை என்பதால் குறி பிசகினால் மன்னிப்பில்லை, ஆனால் பட்டால் விழுந்துவிடும். பின்னுதைப்பு இல்லாததால் பிழை விசையில் நேர்ந்ததா, சைட்டில் நேர்ந்ததா என்று கற்றுக்கொள்ள முடியும். தோட்டாவின் செலவும் குறைவு. அதிவேக .22 தோட்டாவைக் காட்டிலும், ஒலியின் வேகத்துக்குக் கீழே புறப்படும் போட்டித் தோட்டா பெரும்பாலும் 100 மீட்டரில் இறுக்கமான குழுவை, அதாவது நெருங்கிப் பதியும் குண்டுத் துளைகளைத் தரும். ஆனால் ஒவ்வொரு குழலுக்கும் விருப்பம் வேறு. நான்கைந்து வகைகளைத் தாங்கிமேல் வைத்துச் சுட்டுப் பார்த்துத்தான் ஒன்றை உறுதிசெய்ய வேண்டும்.

இத்துறையின் நல்ல துப்பாக்கிகள் பலவற்றின் தயாரிப்பு நின்றுவிட்டதால், பயன்படுத்தியதை வாங்க வேண்டிய நிலை அடிக்கடி வரும். முதலில் துப்பாக்கி காலியாக இருப்பதை நீங்களே உறுதிசெய்துகொள்ளுங்கள். ரிவால்வரில் சுத்தியலை மெல்லப் பின்னிழுத்து ஒவ்வோர் அறையும் குழலுக்கு நேராகப் பூட்டிக்கொள்கிறதா, பூட்டிய நிலையில் சிலிண்டர் முன்பின்னாக ஆடுகிறதா, மேற்சட்டத்தின் உட்புறத்தில் அரிப்புக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். மடக்கித் திறக்கும் துப்பாக்கியில் மூடிய குழல் தளர்ந்து அசையக் கூடாது. குழலின் உள்ளே விளக்கொளியைச் செலுத்தி, தோட்டா அறையை அடுத்து வரும் முதல் ஓரிரு அங்குலங்களை நன்றாக ஆராயுங்கள்; வேகத் தோட்டாக்கள் முதலில் அரிப்பது அந்தப் பகுதியைத்தான். பின்னர் விற்பவரின் இசைவோடு, திடல் அதிகாரியின் மேற்பார்வையில், கண்ணுக்கும் காதுக்கும் காப்பு அணிந்து, 100 மீட்டரில் தாங்கிமேல் வைத்து ஐந்து ஐந்தாக மூன்று குழுக்கள் சுடுங்கள். இரண்டாவது குழுவுக்கு முன் சைட்டைக் கடாவின் உயரத்துக்கு ஏற்றிவிட்டு அதே எண்ணிக்கையில் இறக்குங்கள். மூன்றாவதற்கு முன்பும் அவ்வாறே செய்யுங்கள். மூன்று குழுக்களும் ஒரே இடத்தில் குவிந்தால் விலையைப் பேசத் தொடங்கலாம். மூன்றும் தனித்தனியாகச் சிறியவையாக இருந்தும் இடம் மாறி விழுந்தால், புதிய சைட்டின் விலையையும் அதைப் பொருத்தும் கூலியையும் கேட்ட விலையிலிருந்து கழித்த பிறகு பேசுங்கள்.