கிளஸ்டரின் விர்ச்சுவல் ஐபி பதில் தராவிட்டால்

பல சர்வர்களை (நோடுகளை) ஒன்றாக நிர்வகிக்கும் பேஸ்மேக்கர் கிளஸ்டரில், ஒரு நோடு விழுந்தால் இன்னொன்றுக்கு மாறும் பொது முகவரியான விர்ச்சுவல் ஐபி நின்றுபோனால் சர்வரை உடனே ரீபூட் செய்யாதீர்கள், தடயங்கள் குழம்பிவிடும். அந்த முகவரி இப்போது யாரிடம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஒவ்வொரு நோடிலும் 'ஐபி அட்ரஸ் ஷோ' ஓட்டினால் தெரிந்துவிடும். பழைய 'இஃப்கான்ஃபிக்' வேண்டாம். லேபிள் இல்லாமல் சேர்த்த இரண்டாவது முகவரியை அது காட்டாது.

எந்த நோடிலும் இல்லையென்றால் 'பிசிஎஸ் ஸ்டேட்டஸ்' வெளியீட்டில் தோல்வியடைந்த செயல்களின் பட்டியலைப் படியுங்கள். கோரம் (கிளஸ்டர் இயங்கத் தேவையான நோடுகளின் பெரும்பான்மை) போயிருக்கலாம், ரிசோர்ஸில் (பேஸ்மேக்கர் நிர்வகிக்கும் விர்ச்சுவல் ஐபியின் அமைப்பில்) எழுதிய நெட்வொர்க் கார்டின் பெயர் அந்த நோடில் வேறாக இருக்கலாம். இயல்பு அமைப்பில், ஸ்டார்ட் ஒருமுறை தோற்றாலே அந்த நோடில் பேஸ்மேக்கர் மறுபடி முயலாது. காரணத்தைச் சரிசெய்துவிட்டு 'பிசிஎஸ் ரிசோர்ஸ் கிளீனப்' கொடுங்கள்.

முகவரி ஒரே நோடில் சரியாக இருந்தும் வெளியிலிருந்து எட்டவில்லையா? இதுதான் அதிகம் அலைக்கழிப்பது. அந்த நோடில் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பை ஓடவிட்டு, வேறு சப்நெட்டிலிருந்து பிங் செய்யுங்கள். பாக்கெட் வந்தும் பதில் போகவில்லை என்றால் ஃபயர்வால், ரவுட், நெட்மாஸ்க் மூன்றையும் பாருங்கள். பாக்கெட்டே வரவில்லை, ஆனால் அதே சப்நெட்டிலிருந்து பிங் கிடைக்கிறது என்றால், ரவுட்டரின் ஏஆர்பி அட்டவணையில் (எந்த ஐபி எந்த மேக்கிடம் என்ற பட்டியல்) பழைய நோடின் மேக் முகவரி, அதாவது நெட்வொர்க் கார்டின் வன்பொருள் முகவரி, தங்கியிருக்க வாய்ப்பு அதிகம். சிஸ்கோ ரவுட்டரில் அந்தப் பதிவு இயல்பாக 4 மணி நேரம் இருக்கும். இதைத் தவிர்க்கத்தான் முகவரி இடம் மாறியதும் ரிசோர்ஸ் ஏஜென்ட் (முகவரியைச் சேர்க்கவும் நீக்கவும் பேஸ்மேக்கர் ஓட்டும் ஸ்கிரிப்ட்) தானாகவே ஏஆர்பி அறிவிப்பு அனுப்புகிறது: இயல்பாக 200 மில்லிசெகண்ட் இடைவெளியில் 5. மொத்தம் ஒரு நொடிகூட இல்லை. சுவிட்ச் போர்ட் அப்போது திறக்காமல் இருந்தால் அத்தனையும் வீண். 'ஆர்பிங்' கட்டளையால் அறிவிப்பைக் கையால் அனுப்புங்கள், அல்லது ரவுட்டரில் அந்தப் பதிவை நீக்குங்கள். பிறகு ஏஜென்ட்டில் அறிவிப்பு எண்ணிக்கையைக் கூட்டுங்கள். பொது கிளவுடுகளில் இது பெரும்பாலும் எடுபடாது. அங்கே கிளவுடின் ஏபிஐ வழியாக முகவரியை மாற்றும் ஏஜென்ட் தேவை.

முகவரி இரண்டு நோடிலும் இருந்தால் ஸ்பிளிட் பிரெய்ன்: நோடுகள் தொடர்பிழந்து, ஒவ்வொன்றும் தானே பொறுப்பு என்று நினைக்கிறது. இதில் அவசரமே ஆபத்து: எந்த நோடின் டேட்டா சரியானது என்று உறுதிசெய்த பிறகே மற்றதை நிறுத்துங்கள். ஃபென்சிங்கை (பிரச்சினையுள்ள நோடைக் கட்டாயமாக நிறுத்தும் வசதியை) அணைத்துவைத்த கிளஸ்டரில் இது திரும்பத் திரும்ப வரும். அதை அமைக்காமல் உற்பத்திச் சூழலில் ஓட்டக்கூடாது.

கடைசியாக, மூன்றாவது மெஷினிலிருந்து அந்த முகவரிக்கு 'ஆர்பிங்' ஓட்டுங்கள். உங்கள் நோடு எதற்கும் சொந்தமில்லாத மேக் பதில் சொன்னால், வேறொரு சாதனம் முகவரியை எடுத்துக்கொண்டுவிட்டது. டிஹெச்சிபி (சாதனங்களுக்குத் தானாக ஐபி வழங்கும் சேவை) வரம்புக்குள் அந்த முகவரி இருக்கிறதா என்று பார்த்து, அதை வரம்பிலிருந்து விலக்கிவிடுங்கள்.