பழைய புழங்குபொருள் சேர்ப்பது எப்படி? சேலத்தில் தொடங்குபவர்களுக்கு

பரணைக் காலி செய்யும் நாளில் பாட்டி காலத்துப் படி, தூக்கு விளக்கு, பல்லாங்குழிப் பலகை எல்லாம் ஒரே கோணியில் விழுந்துவிடுகின்றன. பித்தளை எடைக்குப் போகிறது, மரம் அடுப்புக்குப் போகிறது. அவற்றில் கொஞ்சமாவது தப்பவேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. ஒரே வகையில் தொடங்குங்கள்

உழக்கு, படி, மரக்கால் போன்ற அளவைகள், முறுக்கு அச்சு, மர அஞ்சறைப் பெட்டி, மரப்பாச்சி, பழைய கொலுப் பொம்மை. இவற்றில் ஒன்று போதும். ஒரே வகையில் இருபது முப்பதைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் எது பழசு, எது பழசாக்கப்பட்டது என்று பிடிபடும். என்னைக் கேட்டால் பெயர் வெட்டிய பித்தளைப் பாத்திரத்தில் தொடங்கச் சொல்வேன். காரணம் மூன்றாவது பகுதியில்.

2. தேடும் இடம்

முதலில் சொந்தக்காரர் வீட்டுப் பரண். அப்புறம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்துப் பாத்திரக் கடைகள், காயலான் கடைகள். “உருக்கப் போடறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணுங்கண்ணா, எடை விலைக்கு மேலேயே தர்றேன்” என்று சொல்லி வையுங்கள். ஏற்காட்டு மலைக்கிராமங்களுக்குப் போனால் ஒன்றை மறக்கவேண்டாம்: அந்த வீட்டில் இன்னும் புழங்கும் பொருளை விலைக்குக் கேட்காதீர்கள்.

3. வயதைக் கணிப்பது

இதில்தான் அதிக நேரம் செலவிடவேண்டும்.

குடத்தின் கழுத்தில் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயரைப் பாருங்கள். ‘அண்ணாமலை’ என்று இருந்தால் உங்களுக்கு யோகம். 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தது. அதற்கு முன் ‘ணா’வில் கால் தனியாக நிற்காது, எழுத்தோடு சேர்ந்து சுழிந்திருக்கும்; ‘லை’யில் யானைத் துதிக்கை போல மேலே வளைந்த கொம்பு இருக்கும். பழகிய கை சட்டென்று மாறாது என்பதால், பழைய எழுத்து இருப்பதை மட்டும் வைத்து 1978-க்கு முந்தியது என்று முடிவு கட்டாதீர்கள். ஆனால் “நூறு வருஷப் பாத்திரம்” என்று விற்பவர் காட்டும் குடத்தில் இன்றைய ‘லை’ இருந்தால் தாராளமாகச் சந்தேகப்படலாம்.

அளவையில் ‘லிட்டர்’ இருந்தால் அது பெரும்பாலும் 1958-க்குப் பிந்தியது, மெட்ரிக் முறை அப்போதுதான் படிப்படியாக வந்தது. எனாமல் கடைப் பலகையில் பின்கோடு இருந்தால் 1972-க்கு முன் போகாது.

மரப்பொருளுக்கு வேறு சோதனை. கடைசல் பிடித்த வட்டமான மரச் செப்பை (சிமிழை) குறுக்கிலும் நெடுக்கிலும் நூலால் அளந்து பாருங்கள். மரம் நார்வாக்கில் அவ்வளவாகச் சுருங்காது, குறுக்கே சுருங்கும். அதனால் பழைய வட்டம் லேசாக நீள்வட்டமாகியிருக்கும். உளுத்த துளைகளையும் கவனியுங்கள். வண்டு துளைத்தது உள்ளே வளைந்து போகும், டிரில் போட்டது நேராக இறங்கும். தேய்மானம் கை படும் இடத்தில் இருக்கவேண்டும். பல்லாங்குழியில் குழிகளின் விளிம்பு வழவழப்பாகி மூலைகள் புதிதாகவே இருந்தால் நம்பலாம். எல்லா இடமும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் உப்புத்தாள் வேலை.

நம் மாவட்டத்துத் தம்மம்பட்டியில் இன்றும் அருமையான மரச்சிற்பங்கள் செதுக்குகிறார்கள், புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறார்கள். அவற்றைப் புதியவை என்று தெரிந்து, செதுக்கியவரிடமே வாங்குங்கள். அதற்குக் கறுப்புச் சாயம் பூசிப் பழசு என்று விற்பவரிடம் வேண்டாம்.

4. தொடக்கூடாதவை

கோயில் பொருள் எதுவும் வேண்டாம். அய்யனார் கோயிலில் உடைந்து கிடக்கும் மண்குதிரையும் நேர்த்திக்கடன்தான். ஆசையிருந்தால் குயவரிடம் சொல்லிப் புதிதாகச் செய்துகொள்ளுங்கள்.

1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த கலைப்பொருள்கள் தொல்பொருள்கள். ஓலைச்சுவடி போன்ற மதிப்புமிக்க கையெழுத்துப் பிரதிகளுக்கு 75 ஆண்டு. இவற்றை உரிமமின்றி வியாபாரம் செய்யக்கூடாது, தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது. சிலை, பழைய ஓவியம் போன்ற சில வகைகளைத் தொல்லியல் துறையின் பதிவு அலுவலரிடம் பதிவு செய்யவேண்டும்.

5. சுத்தம்

புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பல வருடம் கைபட்டு வந்த கருநிறம் ஒரே தேய்ப்பில் போய்விடும், வெட்டிய எழுத்தும் மழுங்கும். மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும். சாயம் பூசிய பொம்மைமேல் தண்ணீரே படக்கூடாது. மரத்திலிருந்து மாவு கொட்டினால் பூச்சி உயிரோடு இருக்கிறது. உடனே பிளாஸ்டிக் பையில் கட்டி மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். ஏற்காட்டில் இருப்பவர்கள் மழைக்காலத்தில் சுவரை ஒட்டி எதையும் வைக்கவேண்டாம், பூஞ்சை பிடிக்கும்.

6. எழுதி வையுங்கள்

வாங்கிய அன்றே நோட்டில் தேதி, ஊர், விலை, எடை, உயரம் எழுதி ஒரு போட்டோ எடுங்கள். கொடுத்தவர் சொன்னதை அவர் வாய்மொழியாகவே எழுதுங்கள்: யார் சீதனம், எதற்குப் புழங்கியது, எப்போது நிறுத்தினார்கள். பொருளில் பேனாவால் எண் போடாமல், சின்னத் துணிச்சீட்டில் எழுதி நூலால் கட்டிவிடுங்கள்.